காலை ஆறு மணிக் கஷாயமும் தைராய்டு மாத்திரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளிக்கு வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு வேலை. ஐந்து வயதில் ஒரு மகள். பிரசவம் முடிந்து ஒரு வருடத்துக்குள் உடல் ஊதியது, முடி கொட்டியது, எந்நேரமும் தூக்கம் வந்தது. அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்புக் குறைவு என்று தெரிந்தது. தைராய்டுக்கு எதிராக உடலே உருவாக்கும் ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்புரதத்தின் அளவும் பல மடங்கு கூடியிருந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கி அழிக்கும் ஹாஷிமோட்டோ வகை இது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-ல் விவரித்த நோய். அயோடின் உப்பு பரவிய இடங்களில் பெரியவர்களுக்குத் தைராய்டு குறைவதற்கு முதன்மைக் காரணம் இதுதான்.

நான்கு ஆண்டுகளாக தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸின் 75 மைக்ரோகிராம் சாப்பிட்டு வந்தார். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 3.8-ல் நின்றது; தைராய்டு குறைந்தால் கூடும் எண் இது. எண் சரியாக இருந்தும் சோர்வும் மலச்சிக்கலும் முழுதாகப் போகவில்லை. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். இரண்டாவது குழந்தைக்கு யோசனை தொடங்கிய நேரத்தில் வீட்டில் பேச்சு எழுந்தது. "ஒரு மாத்திரைக்கு அடிமையா ஆயுசுக்கும் இருக்கோணுமா?" என்பது மாமியாரின் கேள்வி. கைப்பேசியில் வந்த ஒரு விளம்பரம், தொண்ணூறு நாளில் தைராய்டு மாத்திரையிலிருந்து விடுதலை என்றது. தைராய்டு வீங்கும் கழுத்துக்கழலையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தன் அட்டவணையிலேயே சேர்த்துத் தடுத்திருக்கிறது. விளம்பரங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

யாரையும் கேட்காமல் தைராக்ஸினை ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைத்துக்கொண்டார். கூடவே ஆயுர்வேத மருந்துகளைத் தொடங்கினார். முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. இந்த நோயில் பலரை ஏமாற்றுவது இந்த இடைவெளிதான். தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் பிடிக்கும். மாத்திரையை விட்ட மறுநாளே தலை சுற்றினால் யாரும் விடமாட்டார்கள். சில வாரம் நன்றாக ஓடுவதால், புதிதாகத் தொடங்கிய பொடிதான் தாங்குகிறது என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

நான்கு மாதம் கழித்து எங்கள் ஆயுர்வேத மருத்துவமனைக்கு வந்தபோது டி.எஸ்.எச். 18.4. ரத்தத்தில் தனித்து ஓடும் தைராக்ஸினான ஃப்ரீ டி4 இயல்பின் கீழ் எல்லைக்கும் கீழே. ஹீமோகுளோபின் 9.4.

முதல் பரிசோதனை

எடை 64 கிலோ. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 56. கண்ணிமைகள் வீங்கியிருந்தன, முழங்கை வறண்டு சொரசொரப்பாக இருந்தது, குரல் கனத்திருந்தது. கணுக்காலின் தசைநாணைத் தட்டினால் பாதம் மெல்லத்தான் திரும்பியது. கழுத்தில் சுரப்பி லேசாகக் கெட்டியாகத் தட்டுப்பட்டது. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. நாவில் வெண்மாவு படிந்திருந்தது. பசி இல்லை, ஆனால் எடை கூடுகிறது. மலம் மூன்று நாளுக்கு ஒருமுறை.

ஆயுர்வேதக் கண்ணோட்டத்தில் இது கபமும் வாதமும் சேர்ந்த நிலை. சாப்பிட்டதைச் செரிக்கும் ஜாடராக்னி மட்டுமல்ல, தாதுக்களின், அதாவது உடல் திசுக்களின், மட்டத்தில் வேலை செய்யும் தாத்வக்னியும் மந்தப்பட்டிருந்தது. தைராய்டு ஹார்மோன் குறைவு என்ற ஒரே பெயரில் பழைய நூல்களில் நோய் கிடையாது. சுஸ்ருத சம்ஹிதை சொல்லும் கலகண்டம் கழுத்து வீக்கத்தைப் பற்றியது. அதை வாதம், கபம், மேதஸ் (கொழுப்பு) என மூன்றாகப் பிரிக்கிறது. இவருக்குக் கழுத்தில் வீக்கமே இல்லை. எனவே நூலில் பெயர் தேடுவதை விட்டு, குறிகளைக் கொண்டே நடத்த வேண்டிய நோய் இது.

பையில் இருந்தவை

சாப்பிடுகிற எல்லாவற்றையும் அடுத்த முறை கொண்டுவரச் சொன்னோம். ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்தார். இந்த நிகழ்வில் பாதி அந்தப் பையில் இருந்தது.

காஞ்சனார குக்குலு முதலில். மந்தாரைப் பட்டையும் குக்குலு பிசினும் திரிபலை, திரிகடுகும் சேர்ந்த மாத்திரை. தைராய்டு என்றவுடன் வைத்தியர்கள் கை போகும் முதல் மருந்து. சார்ங்கதர சம்ஹிதை இதைக் கண்டமாலை, அபசி, அர்புதம், கிரந்தி போன்ற கட்டிகளுக்குச் சொல்கிறது.

அடுத்து அமுக்கராப் பொடி, இரவு பாலில் ஒரு ஸ்பூன். இதற்கு ஓரளவு நவீன ஆதாரமும் உண்டு. 2018-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், டி.எஸ்.எச். மட்டும் லேசாகக் கூடியிருந்த 50 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 600 மில்லிகிராம் அமுக்கரா வேர்ச் சாறு எட்டு வாரம் கொடுத்தார்கள். ஹார்மோன் அளவுகள் சீரானதாகப் பதிவு செய்தார்கள். ஐம்பது பேர், எட்டு வாரம், அதுவும் ஆரம்பக் கட்டக் குறைவு. இவர் நிலை அது அல்ல. மறுபக்கம், அமுக்கரா சாப்பிட்டுத் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்த நிகழ்வுகளும், கல்லீரல் பாதிப்பும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023-ல் இதைத் தடையே செய்தது.

மூன்றாவது ஆரோக்யவர்த்தினி. இதில் பெரும்பங்கு கடுகுரோகிணி. சுத்தி செய்த பாதரசமும் கந்தகமும், தாமிர (செம்பு) பற்பமும், லோக (இரும்பு) பற்பமும் உண்டு. குழந்தைக்கு முயலும் பெண், யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறார்.

நான்காவது, விளம்பரத்தைப் பார்த்து வரவழைத்த "தைராய்டு பொடி". டப்பாவில் உட்பொருள் பட்டியல் இல்லை, உரிம எண் இல்லை. இதைப் பற்றி விவாதிக்கவே ஒன்றுமில்லை. அன்றே நிறுத்தச் சொன்னோம்.

ஐந்தாவதுதான் முக்கியம். ரத்தசோகைக்கென்று வேறொரு வைத்தியர் கொடுத்த புனர்நவா மண்டூரம். மண்டூரம் என்பது பழைய இரும்புக் கிட்டத்தைச் சுத்தி செய்து புடமிட்டது. மூக்கிரட்டையும் கோமூத்திரமும் சேர்ந்து வீக்கத்துக்கும் சோகைக்கும் நல்ல மருந்து. அதை எழுதியதில் பிழையில்லை. ஆனால் அவருக்குச் சொல்லப்பட்ட நேரம் காலை வெறும் வயிறு. தைராக்ஸினும் காலை வெறும் வயிறு. மாத்திரை சாப்பிடும் நாட்களில் இரண்டையும் சேர்த்து ஒரே வாயில் விழுங்கியிருக்கிறார். இரும்பு குடலில் தைராக்ஸினைப் பிடித்துக்கொள்ளும், உடலுக்குள் போகாது. சுண்ணாம்புச் சத்தும் அப்படித்தான்: சங்கு பற்பம், பவழ பற்பம், முத்துச்சிப்பி பற்பம் எல்லாம் அந்த வகை. ஆக, பாதியாகக் குறைத்த மாத்திரையிலும் ஒரு பங்கு வீணாகியிருக்கிறது.

பைக்கு வெளியே இன்னொன்று. வீட்டில் இரண்டு வருடமாக இந்துப்பு மட்டும்தான். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், மரவள்ளி எல்லாவற்றையும் தைராய்டுக்கு ஆகாது என்று ஒதுக்கியவர், அயோடின் கலந்த உப்பையும் ஒதுக்கியிருந்தார். அவருடைய நோய்க்குக் காரணம் அயோடின் குறைவு அல்ல. ஆனால் கருவுறப்போகும் பெண்ணுக்கு, வயிற்றில் வளரும் குழந்தையின் தைராய்டுக்காக அயோடின் தேவை 150 மைக்ரோகிராமிலிருந்து 250 ஆக ஏறும். கடை உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. இந்துப்பில் அந்த உறுதி இல்லை.

எடுத்த முடிவுகள்

"மாத்திரைய அடியோட நிறுத்தற மாதிரி ஏதாவது குடுங்க டாக்டர்" என்றுதான் வந்தார். அப்படி ஒரு மருந்து ஆயுர்வேதத்தில் இல்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. "சுரப்பியில வேலை செய்யற பாகம் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சிருக்குதுங்கம்மா. அது சுரக்க வேண்டியதைத்தான் மாத்திரையா சாப்பிடறீங்க. இது அடிமைப்பழக்கம் இல்லீங்க" என்று விளக்கினோம். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. வேறு இடம் போய்விடுவாரோ என்ற யோசனை எங்களுக்கும் இருந்தது. ஆனால் கரு தங்கும் முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் தைராக்ஸினை நம்பித்தான் இருக்கிறது. அந்த நிலையில் இருக்கப்போகிறவரிடம் பூசி மெழுகிப் பேச முடியாது.

தைராக்ஸின் அளவை மாற்றுவது எங்கள் வேலை அல்ல. அவர் முன்பு பார்த்த ஹார்மோன் மருத்துவருக்குக் கடிதம் எழுதி அனுப்பினோம். பையில் இருந்த ஐந்தையும், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்பதையும் அதில் குறிப்பிட்டோம். அந்த மருத்துவர் அளவைக் கூட்டவில்லை. அதே 75-ஐ தினமும், தனியாக, வெறும் வயிற்றில் என்று திரும்பத் தொடங்கினார். குழந்தைக்கான முயற்சியை டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே வரும்வரை தள்ளிவைக்கச் சொன்னார்.

எங்கள் பக்கம் ஐந்தில் நான்கை நிறுத்தினோம். ஆரோக்யவர்த்தினிக்கும் அமுக்கராவுக்கும் காரணம் மேலே சொன்னதுதான். காஞ்சனார குக்குலுவை நிறுத்தியதைச் சக வைத்தியர்கள் சிலர் ஒப்பமாட்டார்கள். கட்டியே இல்லாத கழுத்துக்குக் கட்டிக்கான மருந்து எதற்கு என்பது ஒரு காரணம். கருவுறும் காலத்தில் குக்குலு வேண்டாம் என்பது இன்னொன்று. மண்டூரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நேரத்தை மதிய உணவுக்குப் பிறகு மோருடன் என்று மாற்றினோம். தைராக்ஸினுக்கும் இரும்புக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். இப்படிச் செய்தால் எட்டு மணி நேரம் கிடைக்கும்.

புதிதாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று: மலச்சிக்கலுக்குக் கந்தர்வஹஸ்தாதி கஷாயம், இரவு உணவுக்கு முன். கஷாயம் என்றால் காலை ஆறு, மாலை ஆறு என்பது எங்கள் வழக்கம். காலை வேளையை வேண்டுமென்றே விட்டோம், அந்த நேரம் தைராக்ஸினுக்கு உரியது. வமனம் (வாந்தி), விரேசனம் (பேதி) போன்ற சுத்திகரிப்புச் சிகிச்சைகள் எதையும் தொடவில்லை. நாடி 56-லும் ஹீமோகுளோபின் 9.4-லும் இருப்பவரை வாந்தி எடுக்கவைப்பது சிகிச்சை ஆகாது. வாரம் இருமுறை கோலகுலத்தாதி சூர்ணத்தால் உத்வர்த்தனம், அதாவது உலர்பொடித் தேய்ப்பு. பகல் தூக்கத்தையும் இரவுத் தயிரையும் நிறுத்தி, சமையலுக்கு அயோடின் உப்பு திரும்ப வந்தது. கோஸும் காலிஃபிளவரும் வேகவைத்துச் சாப்பிடலாம் என்றோம். காபி, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து.

இவ்வளவு குறைவாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே நேரத்தில் எட்டு மருந்து தொடங்கினால், எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் எட்டு வாரம்

மலச்சிக்கல் இரண்டாவது வாரத்திலேயே இறங்கியது. தைராக்ஸினின் பலன் அவ்வளவு சீக்கிரம் குடலில் தெரியாது என்பதால் இதைக் கஷாயத்தின் கணக்கில் எழுதலாம் என்று நினைக்கிறேன். கண்ணிமை வீக்கம் ஐந்தாவது வாரத்தில் வடிந்தது. அதில் யாருக்குப் பங்கு என்று பிரிக்க முடியாது. உத்வர்த்தனத்துக்கு அவர் ஒழுங்காக வரவில்லை, ஏற்றுமதி நெருக்கடி. எட்டாவது வாரம் டி.எஸ்.எச். 6.1, ஹீமோகுளோபின் 10.6, நாடி 66.

கஷாயத்தை நிறுத்திவிட்டு, மந்தாக்னிக்கும் (செரிமான மந்தம்) கபத்துக்கும் அஷ்டாங்க ஹிருதயம் சொல்லும் வரணாதி கணத்தில் செய்த கஷாயத்தை அதே மாலை வேளையில் தொடங்கினோம். கருவுறும் முயற்சி தொடங்கும் முன் நிறுத்துவது என்று அப்போதே சீட்டில் எழுதினோம்.

இடையில் வந்த அறிக்கை

பதினாறாவது வாரம் எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.12, ஃப்ரீ டி4 மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கணவரும் கூட வந்திருந்தார். "நல்லா வேலை செஞ்சிருக்குதுங்க டாக்டர். இனி மாத்திரைய விட்டர்லாமுங்களா?"

எண்ணைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சுரப்பி விழித்துக்கொண்டது, மாத்திரை இப்போது அளவுக்கு மிஞ்சுகிறது. ஒரு ஆயுர்வேத மருத்துவருக்கு இதைவிட இனிப்பான அறிக்கை கிடைக்காது. இதைப் படமெடுத்துப் போட்டால் அடுத்த வாரம் வாசலில் வரிசை நிற்கும்.

ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவரின் உடல் வேறு சொன்னது. தைராக்ஸின் மிஞ்சியவருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், எடை சரியும், தூக்கம் கெடும். இவருக்கு நாடி 68, நீட்டிய விரல்களில் நடுக்கம் இல்லை, தோல் இன்னும் கொஞ்சம் வறட்சி. மாத்திரையின் அளவு மாறவில்லை. வரணாதிக்கு டி4-ஐ இப்படித் தூக்கும் வலு இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அறிக்கையும் ஆளும் ஒத்துப்போகாதபோது ஆளை நம்புவது என்பது பழைய பழக்கம். ஆனால் அறிக்கை ஏன் அப்படி வந்தது என்பதற்கும் பதில் வேண்டும்.

மறுபடியும் கேட்டோம்: புதிதாக எதையாவது சாப்பிடுகிறீர்களா? இல்லை என்றார். பொடி, டானிக், சத்து மாவு, அழகு நிலையத்தில் கொடுத்தது, எதுவானாலும்? அப்போதுதான், "முடிக்குத்தானுங்க, அது மருந்து இல்லையே" என்று கைப்பையிலிருந்து எடுத்தார். முடி உதிர்வுக்கான பயோட்டின் மாத்திரை, ஒன்றில் 10 மில்லிகிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 30 மைக்ரோகிராம்தான். முந்நூறு மடங்குக்கு மேல்.

பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோனை அளக்கப் பயோட்டினுக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்துக்கும் உள்ள பிணைப்பைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் அந்தக் கணக்கு குழம்பும். டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகவும், டி4 இருப்பதைவிட அதிகமாகவும் காட்டும். உடலில் ஒன்றும் மாறியிருக்காது, தாளில் மட்டும் தைராய்டு தறிகெட்டு ஓடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல் பயோட்டினால் ஆய்வக முடிவுகள் பிறழ்வதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. இரண்டு நாள் நிறுத்தினால் போதும் என்பது பொதுவான அறிவுரை. நாங்கள் ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி, அதே ஆய்வகத்தில் மறுபடி எடுக்கச் சொன்னோம். டி.எஸ்.எச். 3.3. டி4 இயல்பு.

அன்று மாத்திரையைக் குறைத்திருந்தால், அல்லது நாங்கள் மகிழ்ந்து போய் நிறுத்தச் சொல்லியிருந்தால், இன்னும் இரண்டு மாதத்தில் பழைய 18-க்கே போயிருப்பார். அதற்குள் கருவும் தங்கியிருக்கலாம். கணவரிடம் பழைய அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இந்த மாதிரி பார்த்து நிறுத்தினவங்க எத்தனை பேர் இருப்பாங்களோ" என்றார்.

அதன் பிறகு

ஹார்மோன் மருத்துவர் 88 மைக்ரோகிராமாக்கினார். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 2.1, ஹீமோகுளோபின் 11.8. எடை 61.5. மாதவிடாயின் போக்கு குறைந்தது. தைராய்டு சரியானதும் அதுவும் சரியாவது இயல்பு, மண்டூரத்துக்கும் பங்கு இருக்கலாம். முடி உதிர்வு மட்டும் அவர் எதிர்பார்த்த வேகத்தில் நிற்கவில்லை.

பேசியபடி வரணாதியை நிறுத்தினோம். சில மாதத்தில் கரு தங்கியது. கருவுற்ற உறுதி கிடைத்த நாளே வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாக, ஏழுக்கு ஒன்பது என்று சாப்பிட வேண்டும் என்பது முன்கூட்டியே அவர் கையில் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தேவை 25 முதல் 30 சதவீதம் ஏறுவதால் அப்படி. மண்டூரத்துக்குப் பதிலாக மகப்பேறு மருத்துவரின் இரும்பு மாத்திரை வந்தது, அதுவும் மதியத்தில்தான். இதை எழுதும்போது அவருக்கு ஐந்தாவது மாதம். டி.எஸ்.எச். 1.8. எங்களிடம் இப்போது அவர் வருவது உணவு பற்றியும் மலச்சிக்கல் பற்றியும் பேச மட்டும். இரவில் உலர் திராட்சை ஊறவைத்த நீர், அவ்வளவுதான்.

ஆன்டி டி.பி.ஓ.வை நாங்கள் திரும்ப எடுக்கவில்லை. அந்த எண் குறைந்தாலும் கூடினாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. ஆயுர்வேதம் சுரப்பியின் அழிவை நிறுத்தியதா என்று இந்த நிகழ்வை வைத்துக் கேட்டால், இல்லை என்றோ ஆம் என்றோ சொல்ல இதில் எதுவும் கிடையாது. பசியும் மலமும் சீரானது, சோகை தீர்ந்தது, மாத்திரை வீணாகாமல் உடலுக்குள் போனது. இவ்வளவுக்கு நாங்கள் பொறுப்பேற்கலாம்.

இனி மாற்றுவது

எங்கள் மருத்துவமனையில் தைராய்டு நோயாளிகளின் சீட்டில் இப்போது மேலே ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தைராக்ஸினுக்கான நேரம் முதலில் எழுதப்படும். மற்ற மருந்துகள் அதைச் சுற்றி இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். மண்டூரம், லோகம், நவாயசம் போன்ற இரும்பு மருந்துகளோ, சங்கு பற்பம், பவழ பற்பமோ எழுதுகிறபோது நான்கு மணி நேர இடைவெளி இருக்கிறதா என்று மருந்து கொடுப்பவரும் பார்ப்பார். ஒரு முறை அவரே என் சீட்டைத் திருப்பி அனுப்பினார்.

"வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா" என்ற கேள்வியை மாற்றிவிட்டோம். மருந்து என்று மக்கள் நினைப்பது வேறு. முடிக்கு, நகத்துக்கு, தோலுக்கு, எடைக்கு, சத்துக்கு என்று தனித்தனியாகக் கேட்கிறோம். உப்பு எது என்றும் கேட்கிறோம். ரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன் பயோட்டின் உள்ள எதையும் நிறுத்தச் சொல்லி ஆய்வகச் சீட்டிலேயே ஒரு வரி எழுதுகிறோம்.

டி.எஸ்.எச். திடீரென்று நல்லபடியாக மாறினால், அந்த அறிக்கையை வைத்து அன்று எந்த மருந்தையும் குறைக்கச் சொல்வதில்லை. ஹார்மோன் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, இன்னொரு முறை எடுக்கச் சொல்கிறோம். சிலருக்கு இது பிடிப்பதில்லை, இன்னொரு முறை காசு செலவாகிறது என்கிறார்கள். அந்தக் குறை நியாயமானதுதான்.